வாப்பா விட்டுப்போன நோன்புகள்

ஊரில் என் வாப்பாவைக் கூலர் ஜவுபர் என்றுதான் சொல்வார்கள். ஒலுவில் துறைமுகத்திலும் கல்முனைக் கடற்கரையிலும் வாங்கிய மீனை ஐஸ் போட்டு அடைத்து, இரவோடு இரவாகக் கொழும்புக்கு ஏற்றிப்போகும் கூலர் லொறியை அவர் அரை ஆயுளுக்கு ஓட்டினார். அவர் மவுத்தான அன்று, இறந்த செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான் அறிவித்தார்கள். வெறும் ஜவுபர் என்றால் கல்முனைக்குடியில் எந்த ஜவுபர் என்று கேட்டிருப்பார்கள்.

அவர் குடிப்பவராக இருந்தார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுத்ததில்லை. "வாப்பாக்கு இண்டைக்கு ஒரு மாதிரி இரிக்கி" என்பார் உம்மா. உம்மாவின் தம்பி மஜீட் மாமா, "மச்சான் களைச்சுப்போய் வந்திரிக்கார், எழுப்பாதீங்க" என்பார். நானும் அப்படியே பேசப் பழகினேன். லொறியால் இறங்கி வரும்போது வாப்பாவின் மேலிலிருந்து மூன்று வாசனைகள் சேர்ந்து வரும்: மீன், அத்தர், ஏலக்காய். ஏலக்காயை மென்றுகொண்டே வருவார். வெகுகாலம் எனக்கு அதுதான் வாப்பாவின் வாசனை. பாயசத்தில் ஏலக்காய் மணத்தால், கேற் திறக்கிறதா என்று காது தானாகப் போகும்.

அவர் அடித்ததில்லை, சத்தம் போட்டதில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்குக் குடிவருவார். வாப்பா மருதமுனையிலிருந்து உம்மாவின் வீட்டுக்கு வந்தவர். வந்த வீட்டில் குரல் உயர்த்தக் கூடாது என்று யாரோ சொல்லி அனுப்பியது போல, வந்ததும் முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். குடித்துவிட்டு வரும் ஆளை விட, குடித்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் படுத்திருக்கும் ஆளோடு ஒரு வீட்டில் இருப்பது கடினம். சண்டை பிடிக்கவும் வழியில்லை.

ஆனால் ரமழான் வந்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. பிறை கண்டதும் விட்டுவிடுவார். பெருநாள் வரைக்கும் ஒரு சொட்டுத் தொடமாட்டார். இரவில் தராவீஹ் தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்பார். அந்த ஒரு மாதம் உம்மா வாசலில் நின்று அயலவர்களோடு சிரித்துப் பேசுவார். "நோன்புக்கு விடக்கூடிய மனிசன். நினைச்சா ஒரேயடியா விட்டிருவார். நினைக்கிறார் இல்ல, அவ்வளவுதான்" என்று மாமா வருடாவருடம் சொல்வார். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். வாப்பாவும் நம்பினார்.

லொறி முதலாளி லொறியை விற்றுவிட்ட பிறகு வாப்பாவுக்கு ஓட்டம் இல்லாமல் போனது. முன்பு கொழும்பில் மீனை இறக்கிய பின்தான் குடிப்பார். இப்போது வீட்டில் இருந்தார். காலையில் எழும்பியதும் கை நடுங்கும். மல்லித்தண்ணி என்று ஒரு பிளாஸ்க் வைத்திருப்பார். அதில் ஒரு மூடி குடித்தால் நடுக்கம் நிற்கும், பிறகுதான் சேவ் எடுக்கப் போவார். மல்லித்தண்ணிக்கு ஏன் ஏலக்காய் மெல்ல வேண்டும் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நாள் தவறாமல் குடிப்பவரின் உடம்பு, விட்டு விட்டுக் குடிப்பவரின் உடம்பு போன்றதல்ல என்று எங்களுக்குத் தெரியாது. போன வருடமும் நோன்புக்கு விட்டவர்தானே என்பது மட்டும் தெரியும்.

அட்டாளைச்சேனைக் கல்லூரியில் பயிற்சி முடித்து, வீரமுனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிக்கத் தொடங்கிய வருடம் அது. எனக்கு அட்டாளைச்சேனையிலிருந்தே ஒரு மாப்பிள்ளை பேசி, ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வருவார். முன்னறை அவருக்கு. வாப்பா சுவரைப் பார்த்துப் படுக்க அங்கே இடம் இருக்காது.

பிறை பார்க்கிற அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா குசினிக்குள் வந்தார். பிளாஸ்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். மூடியைத் தனியாகத் தேய்த்தார். கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நஸ்லியா, இது இனி உனக்கு. பள்ளிக்கூடத்துக்குத் தேத்தண்ணி கொண்டு போ."

"அப்ப உங்கட மல்லித்தண்ணி?"

"அது இண்டையோட முடிஞ்சு. பெருநாளைக்குப் பிறகும் இல்ல."

அன்று அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு பிறை கண்டதாகப் பள்ளியில் அறிவித்தார்கள். உம்மா அழுதுகொண்டே விடியுமுன் உண்ணும் ஸஹர் சோற்றுக்கு அரிசி கழுவினார்.

தலைநோன்பு துறக்கும்போது கஞ்சிக் கோப்பையை வாப்பாவால் பிடிக்க முடியவில்லை. கஞ்சி சாரத்தில் சிந்தியது. நோன்புக் களைப்பு என்றார் உம்மா. அடுத்த நாள் வேர்த்து ஊற்றியது, ஸஹரில் தின்றதெல்லாம் சத்தியாக வெளியே வந்தது. நோன்பை முறித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்படி நான் கெஞ்சினேன். "இதை முறிச்சனெண்டா மத்ததுக்கு ஓடிருவன் மகள், என்னை விடு" என்றார். அந்தி படும் நேரம் வலிப்பு வந்தது. மாமா ஓடி வந்து, வலிப்புக்கு இரும்பு என்று வாப்பாவின் கையில் சாவிக் கோர்வையை வைத்து அழுத்தினார். வெறும் வயிறு, வாயு என்றார்கள். விடிந்தபோது வாப்பாவின் நினைவு எங்களோடு இல்லை. பாயிலிருந்து ஒன்றொன்றாக எதையோ பொறுக்கினார். மீன் செதில் என்றார். கதவுப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"அழகு! டேய் அழகு! பின்கதவைச் சாத்து, ஐஸ் உருகுது!"

அழகு என்பது காரைதீவு அழகரெத்தினம். வாப்பாவின் லொறியில் கிளீனராக இருந்தவர். அவர் அங்கே இல்லை, லொறியும் இல்லை. வாப்பாவின் கண் மட்டும் உருகும் ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜின் என்றார் மாமா. ஓதிப் பார்ப்பதற்கு ஒருவரைக் கூட்டி வந்தார். வந்தவர் வாப்பாவின் நெற்றியில் கை வைத்ததுமே எடுத்தார். "உடம்பு நெருப்பாக் கொதிக்கி. இதில ஓதுறதுக்கு ஒண்டுமில்ல, மஜீட். வாகனம் எடுங்க."

ஆஸ்பத்திரியில் பார்த்தவர் டொக்டர் சிவரூபினி. என் வயதுதான் இருக்கும். பார்வையாளர் நேரம் என்பதால் வார்ட் நிறைய எங்கள் ஊர் ஆட்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சாமான் கொண்டு வந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பி நின்றார்கள். டொக்டர் வாப்பாவின் நாடியைப் பிடித்தபடி கேட்டார்.

"சீனி வருத்தம் இருக்கா?"

"இல்ல."

"தலையில அடி கிடி பட்டதா?"

"இல்ல டொக்டர்."

"குடிப்பாரா?"

மாமா ஒரு அடி பின்னால் போனார். "அஸ்தஃபிருல்லாஹ்! நாங்க முஸ்லிம் ஆக்கள் டொக்டர்."

"அது தெரியும் ஐயா. நான் கேட்டது வேற."

"நோன்பாளி மனிசன். பள்ளியில முதல் வரிசை. யாரிட்டயும் கேளுங்க."

டொக்டர் உம்மாவைப் பார்த்தார். உம்மா தரையைப் பார்த்தார். வார்டில் வேலை செய்யும் நஸீர் கட்டில் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் ஒழுங்கைக்காரர், நாலு வீடு தள்ளி இருப்பவர். அவருக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலடியில் வாழைப்பழத்தோடு நின்ற பெண்ணுக்கும் தெரியும். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் அந்த வார்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியாமல் இருந்தது, அது டொக்டர்.

"அப்ப மூளைக் காய்ச்சலாத்தான் இருக்க வேணும்" என்றார் அவர், தாதியிடம். "மட்டக்களப்புக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்க வேணும். அம்புலன்ஸுக்குச் சொல்லுங்க."

வாப்பாவின் கை காற்றில் ஏதோ கதவின் கொளுக்கியைத் தேடிக்கொண்டிருந்தது. மாமா என் காதுக்குள் சொன்னார். "வாயைத் திறந்திராத புள்ள. உன்ட கலியாணம் போயிரும். அல்லாஹ் காப்பாத்துவான்." அவர் என் மேல் உள்ள பிரியத்தில்தான் அதைச் சொன்னார். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"குடிப்பார் டொக்டர்" என்றேன்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். விடிய எழும்பினா முதல் அதுதான். நோன்புக்காக ஒரேயடியா விட்டவர்."

"கடைசியாக் குடிச்சது எப்ப? சரியாத் தெரியுமா?"

"பிறை கண்ட அண்டைக்கு அஸருக்குப் பிறகு."

டொக்டர் விரலை மடக்கி எண்ணினார். பிறகு மிக வேகமாகக் கதைக்கத் தொடங்கினார், என்னிடமல்ல, தாதியிடம். விட்டமின் ஊசி முதலில், அதன் பிறகுதான் குளுக்கோஸ் என்று இரண்டு முறை சொன்னது மட்டும் எனக்கு விளங்கியது. நடுக்கத்தை அடக்க நரம்பில் ஒரு மருந்து போட்டார்கள். வாப்பாவின் கை மெல்ல மெல்லக் கீழே இறங்கிப் படுக்கையில் கிடந்தது.

"குடிச்சுச் சாகிற ஆக்களும் இருக்காங்க" என்றார் டொக்டர், என்னை வெளியே கூட்டிப்போய். "இப்படிச் சடாரெண்டு விட்டதால சாகிற ஆக்களும் இருக்காங்க. உங்கட அப்பா நல்ல மனசோடதான் விட்டிருக்கார். ஆனா தனிய விட்டிருக்கக் கூடாது. இங்க வந்திருந்தா மருந்து தந்து கொஞ்சம் கொஞ்சமா இறக்கியிருப்பம்."

நஸீர் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் வந்தார். "நல்ல வேலை செஞ்சாய் மகள். நானே சொல்லியிருப்பன். உன்ட மாமா என்னை உசிரோட தோண்டிப் புதைச்சிருவார்."

மாமா அதற்குள் போய்விட்டார். உம்மா கட்டிலடியில் இருந்தபடி என்னைப் பார்க்காமல் சொன்னார். "மெதுவாச் சொல்லியிருக்கலாம்." அது உண்மைதான். வேறு இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் அது எனக்குத் தோன்றவில்லை.

கலியாணம் நின்றது. யாரும் குடியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை கிடைத்துவிட்டதாம், இப்போதைக்குக் கலியாணம் இல்லையாம் என்று நாகரிகமாகச் சொல்லி அனுப்பினார்கள். பிறகு ஒரு நாள் கல்முனை பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். அவர் என்னைக் காணவில்லை. கட்டாருக்குப் போன மாதிரித் தெரியவில்லை.

வாப்பா தெளிந்து வீட்டுக்கு வந்தபோது ரமழான் பாதிதான் முடிந்திருந்தது. மருந்துக் குளிசைகளை நேரத்துக்குப் போட வேண்டும், பகலிலும் போட வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும், இந்த வருடம் நோன்பு கூடவே கூடாது என்று டொக்டர் எழுதித் தந்திருந்தார். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. ஆனால் நோன்புப் பகலில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் தாளிக்கிற வாசம் எழும்பினால் எல்லாத் தலையும் திரும்பும். உம்மா அடுப்பு மூட்ட மறுத்தார். முந்தின இரவுச் சோற்றை வாப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்பதை ஒரு நாள் பார்த்தேன். சத்தம் வராமல் மென்றார். முன்பு குடித்ததைக் கூட அவ்வளவு ஒளித்து அவர் குடித்ததில்லை.

அடுத்த நாளிலிருந்து பகல் சோற்றுக்குச் சைக்கிளில் காரைதீவுக்கு, அழகரெத்தினத்தின் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். அழகரெத்தினத்தின் மனைவி சிவக்கொழுந்து அவருக்கென்று புதுச் சட்டியும் புதுக் கோப்பையும் வாங்கி வைத்திருந்தார். கீரையும் முட்டையும் பருப்பும்தான், ஹலால் பார்த்து வேறொன்றும் சமைக்கமாட்டார். ஒருமுறை வாப்பாவுக்குத் துணையாக நானும் போனேன்.

"ஜவுபர் காக்கா, நோன்பு காலத்தில பகல் சோத்துக்கு எங்கட வாசலுக்கு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார் சிவக்கொழுந்து. எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

"என்ட மார்க்கத்தை நீ காப்பாத்துறாயா, கெடுக்கிறாயா எண்டு எனக்கே விளங்கல்ல தங்கச்சி."

"உசிரைக் காப்பாத்துறன். மிச்சத்தை நீங்க பாருங்க. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?"

அழகரெத்தினம் சிரித்தார். "லொறியில நான் பசி எண்டு கத்தினா நிப்பாட்டமாட்டார். இப்ப பாருங்க, தானே வந்து நிக்கார்."

வாப்பாவும் சிரித்தார். திரும்பி வரும் வழியில் எங்கள் ஊர் எல்லை வந்ததும் சைக்கிளை விட்டிறங்கி, குழாயில் வாயைக் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டார். பழக்கத்தில் சட்டைப் பையில் ஏலக்காய் தேடினார். இல்லை. அதை வாங்குவதை அவர் விட்டிருந்தார்.

மாதாமாதம் கிளினிக்குக்குப் போவார். தன்னைப் போன்றவர்கள் வட்டமாக இருந்து கதைக்கும் கூட்டம் அங்கே நடக்கும். எங்கள் ஊரவர்களும் இருந்தார்களாம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்து, சீனி வருத்தத்துக்கு வந்த ஆள் மாதிரிப் பின்னால் இருப்பார்களாம். ஒருவருக்கொருவர் ஸலாம் கூடச் சொல்லமாட்டார்களாம், சொன்னால் கண்டதாகிவிடும். "நான்தான் முதல் ஸலாம் சொன்னன்" என்றார் வாப்பா. "இனி எனக்கு என்ன போறதுக்கு இரிக்கி?"

ஒருமுறை சறுக்கினார். கட்டார்ச் செய்தி வந்த வாரம் அது. மணத்தை மறைக்க ஏலக்காய் இல்லை, அதனால் எங்களுக்கு உடனே தெரிந்தது. அந்த முறை தானாக விடப் பார்க்கவில்லை. பஸ் ஏறித் தனியே ஆஸ்பத்திரிக்குப் போய், ஆட்கள் நிறைந்த மேசை முன்னால் நின்று, "நான் குடிகாரன், திரும்பக் குடிச்சிட்டன், சிவரூபினி டொக்டரைக் காட்டுங்க" என்றாராம். நஸீர் வந்து சொன்னார். "உன்ட வாப்பாட குரல் உன்னை விடப் பெருசு, மகள்."

அதன் பிறகு அவர் தொடவில்லை. ஊர் அவரைக் கைவிடவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. முதல் வரிசையில் அவர் நின்றால் பக்கத்தில் நிற்பவர் சற்றுத் தள்ளி நின்றார், அதனால் அவரே பின்வரிசைக்குப் போய்விட்டார். கலியாண வீடுகளில் ஸஹனில் அவரோடு இருக்க ஆட்கள் சுணங்கினார்கள். பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் ஒன்றாக இருந்து உண்கிற எங்கள் வழக்கத்தில், ஒருவர் தனித்துப் போவது உடனே கண்ணில் படும். பிறகு அவர் கலியாணங்களுக்குப் போகவில்லை. குடித்த காலத்தில் இவர்கள் எல்லோரும் அவரோடு இருந்து சாப்பிட்டவர்கள்தான். குடித்ததால் அவரை ஒதுக்கவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னதால் ஒதுக்கினார்கள்.

நான் பள்ளிக்கூடத்தால் வரும் பஸ்ஸுக்காக, மழையோ வெயிலோ, குடையோடு சந்தியில் நிற்பார். வீடு ஐந்து நிமிட நடை. ஒரு நாள் அந்த நடையில் கேட்டார்.

"அண்டைக்கு நீ சொல்லாம விட்டிருந்தா, என்னை நல்ல மனிசன் எண்டு அடக்கியிருப்பாங்க, என்ன?"

"நீங்க இருந்து கெட்ட மனிசனா இருங்க வாப்பா."

சந்தியில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். கலியாணத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, என்றும் பேசவில்லை. குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்தார், அவருடைய ஒரு தோள் எப்போதும் நனைந்திருக்கும்.

டொக்டர் அனுமதித்த பிறகு, விட்டுப்போன நோன்புகளைக் கடன் அடைப்பது போல ஒவ்வொன்றாகக் கழா பிடிக்கத் தொடங்கினார். அந்த ரமழானுடையவை மட்டுமல்ல, பின்னால் உடம்பு ஏலாமல் விட்டவையும் சேர்ந்திருந்தன. ரமழானில் ஊரே பசித்திருக்கும்போது கதவைச் சாத்தித் தின்றவர், இப்போது ஊரே தின்று குடித்து நடக்கும் மாதங்களில் தனியே பசித்திருந்தார். பள்ளியில் கஞ்சி கிடையாது. துறக்க வேண்டிய நேரத்தில் தொலைக்காட்சியில் நாடகம் ஓடும். ஒரு பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து, பள்ளியில் பாங்கு சொல்லும்வரை வானத்தைப் பார்ப்பார். உம்மா எழும்பி வரமாட்டார். எல்லோருக்கும் கேட்க நான் வார்டில் சொன்னது உம்மாவின் காதில் அப்போதும் நின்றிருந்தது. "இன்னும் கிடக்கா வாப்பா?" என்று கேட்பேன். "கொஞ்சம் கிடக்கு" என்பார்.

ஈரல் மட்டும் பழையதை மறக்கவில்லை. வயிற்றில் நீர் கட்டியது. கடைசி நாட்களில் அவர் தெளிவாக இருந்தார். ஐஸ் உருகவில்லை, செதில் பொறுக்கவில்லை, எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வார்டில் அந்தப் பகலில் நான் வாய் திறந்து வாங்கியது இதைத்தான் என்று நினைக்கிறேன்: இன்னும் சில வருடங்களும், தன்னைத் தானே அறிந்தபடி ஒரு மவுத்தும்.

ஜனாஸாத் தொழுகையில் மாமா வழக்கப்படி எழும்பி, மவுத்தானவர் யாருக்கும் ஏதும் கொடுக்க வேண்டியிருந்தால் குடும்பத்தாரிடம் கேட்கும்படி சொன்னாராம். யாரும் கேட்கவில்லை. அவர் கொடுக்க வேண்டியிருந்தது அங்கு நின்றவர்களுக்கல்ல. மிச்சமிருந்த நோன்புகளைப் பற்றி மௌலவியிடம் ஆளனுப்பிக் கேட்டேன். தகப்பனுக்காகப் பிள்ளை நோன்பு பிடிக்கலாம், நாங்கள் பின்பற்றும் மத்ஹப் சட்டத்தில் அதற்கு இடமுண்டு என்று பதில் வந்தது.

மிச்சத்தை நான் பிடித்து வருகிறேன். பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் மற்ற ஆசிரியர்கள் வடையை நீட்டும்போது நோன்பு என்பேன். "இப்ப என்ன நோன்பு?" என்று கேட்பார்கள். "வாப்பாட நோன்பு" என்பேன். மேலே யாரும் கேட்பதில்லை. அவர் கழுவித் தந்த பிளாஸ்க் அந்த நாட்களில் குசினியில் கவிழ்ந்து கிடக்கும்.

நேற்று மஃரிபுக்குச் சற்று முன்னால் வாப்பாவின் கதிரையில் இருந்தேன். உள்ளே நாடகச் சத்தம் நின்றது. உம்மா ஒரு கோப்பையை ஏந்திக்கொண்டு வந்தார். கஞ்சி. மணத்திலிருந்து இஞ்சி, ரம்பை எல்லாம் போட்டு ஒழுங்காகக் காய்ச்சியது என்று தெரிந்தது. கதிரையின் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போகாமல் படியில் குந்தினார்.

"இன்னும் கிடக்கா?" என்றார்.

"கொஞ்சம்தான் உம்மா."

பாங்கு சொல்லத் தொடங்கியது. நான் பழத்தை வாயில் வைத்தேன். பாங்கு முடிந்ததும் உம்மா கஞ்சிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

"கடைசி ஒண்டை நீ பிடிக்காத" என்றார் பிறகு. "அதை எனக்கு விடு."